தப்பு மொழியிலா, நம் நிரலிலா? பக் ரிப்போர்ட் எழுதப் போகும் புதியவர்களுக்கு

பைத்தான் என்ற நிரல் மொழியைக் கற்க ஆரம்பித்த சில நாட்களிலேயே பலருக்கும் இந்தச் சந்தேகம் வந்துவிடும். 0.1 + 0.2 என்று தட்டினால் 0.30000000000000004 வருகிறது. அது 0.3-க்குச் சமமா என்று கேட்டால், இல்லை என்கிறது. இத்தனை பேர் பயன்படுத்தும் மொழியில் கூட்டல் கணக்கே தப்பா என்று உடனே ஒரு பக் ரிப்போர்ட் (மொழியை உருவாக்குகிறவர்களுக்குப் பிழையைத் தெரிவிக்கும் அறிக்கை) எழுதக் கை பரபரக்கும்.

அந்தப் பரபரப்பு நல்லது. தப்பாகத் தெரிவதைக் கண்டும் காணாமல் போகிறவர்களால் எந்த மொழியும் மேம்பட்டதில்லை. ஆனால் இந்த ரிப்போர்ட்டை அனுப்பினால் 'இது பக் இல்லை' என்று ஒரே வரியில் மூடிவிடுவார்கள். எழுதியவருக்கு மனசு சுருங்கிப் போகும். அடுத்த தடவை உண்மையான பக் கண்ணில் பட்டாலும் வாய் திறக்கத் தயங்குவார். அப்படித் தயங்கி நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மொழியைச் சந்தேகப்படும் முன் கையில் இருக்கும் மதிப்பைச் சந்தேகப்பட வேண்டும். அது என்ன வகை என்று அதனிடமே கேட்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பெரும்பாலும் பைத்தானை வைத்தே சொல்கிறேன், முறை எந்த மொழிக்கும் பொருந்தும்.

மதிப்பிடம் கேளுங்கள், திரையிடம் கேட்காதீர்கள்

திரையில் 5 என்று தெரிவது முழு எண்ணாக இருக்கலாம், ஸ்ட்ரிங்காக (எழுத்துச் சரமாக) இருக்கலாம், பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்ட ஸ்ட்ரிங்காகவும் இருக்கலாம். பிரிண்ட் மூன்றையும் ஒரே மாதிரிதான் காட்டும். விசைப்பலகையிலிருந்து இன்புட் மூலம் வாங்கியதெல்லாம் ஸ்ட்ரிங்தான். அதை மறந்துவிட்டு எண்களை வரிசைப்படுத்தினால் 10, 100, 9 என்று வந்து நிற்கும். ஸ்ட்ரிங்குகளை எழுத்து எழுத்தாகத்தான் ஒப்பிடுவார்கள், '1' என்ற எழுத்து '9'-க்கு முன்னால் வருகிறது. வரிசைப்படுத்தும் செயல்கூறில் (ஃபங்ஷனில்) ஒரு கோளாறும் இல்லை.

எனவே முதல் வேலையாக இரண்டு கேள்விகள் கேளுங்கள். டைப் என்ற செயல்கூறு வகையைச் சொல்லும். ரெப்ர் என்ற செயல்கூறு மதிப்பை உள்ளபடி காட்டும்: மேற்கோள் குறி, இடைவெளி, வரி முடிவு எல்லாம் தெரியும். ரெப்ரும் போதாத இடம் ஒன்று உண்டு. அதைச் சொந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டேன்.

ஒரு பெயர்ப் பட்டியலில் தேடும் சின்ன நிரல் எழுதியிருந்தேன். 'கொடி' என்று தேடினால், பட்டியலில் கண்ணெதிரே இருக்கும் 'கொடி' அகப்படவில்லை. இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்றது பைத்தான். ரெப்ரும் இரண்டையும் ஒரே மாதிரிதான் காட்டியது. தமிழை இந்த மொழி சரியாகக் கையாளவில்லை என்று முடிவே கட்டிவிட்டேன், ரிப்போர்ட்டுக்குத் தலைப்புகூட எழுதி வைத்தேன். அப்புறம் ஏதோ தோன்றி, லென் போட்டு நீளத்தைப் பார்த்தேன். ஒரு கொடிக்கு 4, இன்னொரு கொடிக்கு 5.

ஆஸ்கி என்ற செயல்கூறைப் போட்டதும் விஷயம் வெளிச்சமானது. அது தமிழ்க் குறி ஒவ்வொன்றின் யூனிகோட் எண்ணையும் (உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கும் பொது எண்) தனித்தனியாகக் காட்டும். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு விதம். ஒற்றைக் கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாகச் சேர்ப்பது இன்னொரு விதம். பட்டியல் ஒரு விசைப்பலகை மென்பொருளில் தட்டப்பட்டது, நான் தேடியது வேறொன்றில். யூனிகோட் தரப்பாடு இரண்டையும் சமமானவை என்றுதான் சொல்கிறது. ஆனால் பைத்தானின் சமக்குறி குறிக்குக் குறி ஒப்பிடுகிறதே தவிர, அந்தச் சமத்தன்மையைப் பார்ப்பதில்லை. யூனிகோட்டேட்டா என்ற தொகுதியில் நார்மலைஸ் இருக்கிறது. அதில் என்எஃப்சி என்ற வடிவத்தைக் கேட்டு இரண்டையும் மாற்றினேன், கொடி கொடியோடு பொருந்திவிட்டது.

தமிழில் நிரல் எழுதுகிறவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் பைட்டுகளாக மாற்றினால் 15. மூன்று எண்ணிக்கையும் சரிதான், ஒவ்வொன்றும் எண்ணுவது வேறு. இன்னொன்று சொன்னால் மகிழ்வீர்கள்: '௧௨௩' என்ற ஸ்ட்ரிங்கை இன்ட் மூலம் மாற்றினால் 123 வரும்! தமிழ் இலக்கங்களை யூனிகோட் பதின்ம இலக்கங்களாகப் பட்டியலிட்டிருப்பதால் பைத்தான் ஏற்றுக்கொள்கிறது. பத்தைக் குறிக்கும் ௰, நூறைக் குறிக்கும் ௱, ஆயிரத்தைக் குறிக்கும் ௲ ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றைக் கொடுத்தால் வேல்யூ எரர் (மதிப்பு பொருந்தவில்லை என்ற பிழைச் செய்தி).

பக் போலவே இருக்கும், பக் இல்லை

இப்போது 0.1-க்கு வருவோம். தசமப் புள்ளியுள்ள எண்களுக்கான ஃப்ளோட் என்ற வகை கணினியில் 64 பிட்டுகளில் அடங்க வேண்டும். 1985-இல் வந்த ஐஇஇஇ 754 என்ற தரப்பாடு அதைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது: கூட்டலா கழித்தலா என்பதற்கு 1 பிட், அடுக்குக்கு 11, பின்னத்துக்கு 52. மூன்றில் ஒன்றை நாம் 0.3333 என்று முடிவில்லாமல் எழுதுகிறோம் அல்லவா, 0, 1 மட்டுமே உள்ள இரண்டடிமான முறையில் பத்தில் ஒன்றும் அப்படித்தான் முடிவில்லாமல் போகும். 52 பிட்டில் வெட்டி, அருகிலுள்ள மதிப்பாக்க வேண்டும். வெட்டிய பிறகு உண்மையில் சேமிக்கப்படுவது 0.1000000000000000055511151231257827 என்று போகும் ஓர் எண். அந்தத் துளிதான் கூட்டும்போது வெளியே தெரிகிறது. ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் இதே விடைதான் வரும்.

இதே வேர்தான் எண்ணை முழுமைப்படுத்தும் ரவுண்டிலும் வேலை காட்டுகிறது. 2.675-ஐ இரண்டு தசம இடத்துக்கு ரவுண்ட் செய்தால் 2.68 வர வேண்டும் என்று எதிர்பார்ப்போம், 2.67 வரும். சேமிக்கப்பட்ட எண் 2.67499999999999982 என்று போகிறது, பாதிக்குக் கீழே. பைத்தானின் சொந்த ஆவணத்திலேயே ரவுண்ட் பகுதியில் இந்த எண்ணையே எடுத்துக்காட்டாக வைத்து, இது பக் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் ரவுண்ட் செய்த 2.5 என்பது 2 ஆவதற்குக் காரணம் வேறு. 2.5 துல்லியமாகவே சேமிக்கப்படும். சரிபாதியாக நின்றால் பைத்தான் 3 அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகிறது. அதனால் 2.5 என்றால் 2, 3.5 என்றால் 4. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி ஒரே ரிப்போர்ட்டில் எழுதுகிறவர்கள் நிறைய.

பணக் கணக்கு போடுகிறீர்கள் என்றால் டெசிமல் என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எண்ணை மேற்கோள் குறிக்குள் ஸ்ட்ரிங்காகக் கொடுக்க வேண்டும். ஃப்ளோட்டாகக் கொடுத்தால் அந்தத் துளியும் சேர்ந்தே உள்ளே போய்விடும். வெறும் ஒப்பீடு என்றால் மேத் தொகுதியில் உள்ள ஈஸ்குளோஸ் போதும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முழு எண் வகுத்தலில், பைத்தானில் -7 // 2 என்றால் -4, சி மொழியில் -7 / 2 என்றால் -3. ஒன்று கீழ்நோக்கிப் போகிறது, மற்றொன்று பூச்சியத்தை நோக்கி வெட்டுகிறது. ட்ரூ + ட்ரூ என்றால் 2, ஏனென்றால் பைத்தானில் பூல் என்பது இன்ட்டின் துணை வகை. ஜாவாஸ்கிரிப்ட்டில் 9007199254740993 என்று எழுதினால் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும். அங்கே சாதாரண எண்கள் எல்லாமே 64 பிட் ஃப்ளோட், 2-இன் 53-ஆம் அடுக்கைத் தாண்டினால் அடுத்தடுத்த முழு எண்களைப் பிரித்துச் சொல்ல முடியாது. நீளமான அடையாள எண்களை அங்கே ஸ்ட்ரிங்காக வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டாம். நீங்கள் பயன்படுத்திய வகை, செயல்கூறு இரண்டுக்கும் மொழியின் ஆவணத்தில் உள்ள பக்கத்தை முழுக்கப் படியுங்கள். எடுத்துக்காட்டுகளோடு நிறுத்தாமல் அடியில் உள்ள குறிப்புகள் வரை படிக்க வேண்டும். விடை பெரும்பாலும் அந்தக் குறிப்புகளில்தான் கிடைக்கும்.

உண்மையான பக் எப்படி இருக்கும்

மொழியில் தப்பே இருக்காது என்று எண்ணிவிடவும் கூடாது. பிஎச்பி மொழியில் 2.2250738585072011 × 10⁻³⁰⁸ என்ற எண்ணைக் கொடுத்தால், ஸ்ட்ரிங்கை ஃப்ளோட்டாக மாற்றும் உள் கோட் முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொண்டது. வலைப்பக்கப் படிவத்தில் அந்த எண்ணைத் தட்டியே சர்வரைத் திணற வைக்க முடிந்தது. 2011 ஜனவரியில் 5.3.5, 5.2.17 ஆகிய வெளியீடுகளில் திருத்தினார்கள். இதில் கவனிக்க வேண்டியது, எல்லாக் கணினியிலும் இது நடக்கவில்லை. பழைய எக்ஸ்87 கணக்கீட்டு அலகைப் பயன்படுத்திய 32 பிட் பதிப்புகளில்தான் நடந்தது. அந்த அலகு இடைக்கணக்குகளை 80 பிட்டில் வைத்துக்கொள்ளும், அந்தக் கூடுதல் துல்லியம்தான் சுழலை நிற்கவிடாமல் செய்தது. 'என் கணினியில் தொங்குகிறது' என்று மட்டும் எழுதினால், 64 பிட்டில் முயன்று பார்த்தவர் 'எனக்கு வரவில்லையே' என்று போயிருப்பார்.

இன்னொன்று ஜாவாவின் நூலகத்தில் இருந்தது. வரிசைப்படுத்திய அணியில் (மதிப்புகளின் பட்டியலில்) பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் கோட், நடு இடத்தைக் கண்டுபிடிக்கக் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்தது. பார்த்தால் அப்பழுக்கில்லாத கணக்கு. ஆனால் ஜாவாவின் இன்ட் 32 பிட், அதிகபட்சம் 2147483647. எல்லைகள் 1200000000, 1700000000 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 2900000000 வர வேண்டும், இடம் போதாமல் -1394967296 ஆகிவிடும். பாதி -697483648. அணியில் மைனஸ் இடம் ஏது? நிரல் எரரோடு நின்றுவிடும். இந்தப் பக் சுமார் ஒன்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தது. அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக் அவர்களே 2006-இல் இதை வெளிப்படையாக விளக்கி எழுதினார். அதை நான் மிகவும் மதிக்கிறேன்.

சுருக்குங்கள், இன்னும் சுருக்குங்கள்

ஜாவா பக்கில் ஒரு பாடம் இருக்கிறது. அது வெளிப்பட நூறு கோடிக்கும் மேற்பட்ட உறுப்புகள் கொண்ட அணி வேண்டும். ஆனால் பிரச்சினையைக் காட்ட அந்த அணி தேவையே இல்லை. இரண்டு எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கும் ஒரே வரி போதும். யாரும் ஒரு நொடியில் ஓட்டிப் பார்த்துவிடலாம். ரிப்போர்ட்டுக்கு முன் செய்ய வேண்டிய பெரிய வேலை இந்தச் சுருக்கம்தான், என் அனுபவத்தில் பாதி நேரம் இதற்கே போகும்.

எப்படிச் செய்வது? நிரலை நகலெடுத்து வைத்துக்கொண்டு, நகலில் பாதியை அழியுங்கள். ஓட்டிப் பாருங்கள். பிரச்சினை இன்னும் இருக்கிறதா? மீதியிலும் பாதியை அழியுங்கள். மறைந்துவிட்டதா? அழித்ததைத் திரும்ப வைத்து மற்ற பாதியை அழியுங்கள். கோப்பிலிருந்து படிக்கும் வரிகள் இருந்தால், படித்த மதிப்பை ரெப்ர் மூலம் எடுத்து நேராக நிரலிலேயே எழுதிவிடுங்கள். எந்த வரியை எடுத்தாலும் பிரச்சினை மறைகிறது என்ற நிலை வந்தால் நிறுத்தலாம். அப்போது கையில் இருப்பது ஐந்து வரிக்குள் இருக்கும். பல தடவை இந்த வேலையின் நடுவிலேயே தப்பு நம் வரியில்தான் என்று தெரிந்துவிடும். என் கொடி விஷயமும் முன்னூறு வரியிலிருந்து இரண்டு வரிக்கு வந்தபோதுதான், நீளத்தைப் பார்க்கலாம் என்றே தோன்றியது.

சுருக்கும்போது வெளி நூலகங்களையும் கழற்றிப் பாருங்கள். 'பைத்தானின் முழு எண் திடீரென்று மைனஸ் ஆகிறது' என்று ஒருவர் சொன்னால், பைத்தானின் இன்ட்டுக்கு மேல் எல்லையே கிடையாது, நினைவகம் இருக்கும்வரை வளரும். அப்படியானால் அந்த மதிப்பின் வகை அநேகமாக நம்பை என்ற எண் கணக்கீட்டு நூலகத்தினுடையது. அதன் முழு எண்கள் இத்தனை பிட் என்று அளவு வைத்தவை. அதிலும் விண்டோஸில் நம்பையின் இயல்பான முழு எண் நெடுநாள் 32 பிட்டாக இருந்து, 2024-இல் வந்த 2.0 பதிப்பில்தான் 64 பிட் ஆனது. ஒரே நிரல் நண்பரின் லினக்ஸில் சரியாக ஓடி, உங்கள் விண்டோஸில் தப்பு விடை கொடுத்திருக்கலாம். ரிப்போர்ட்டில் மொழியின் பதிப்பு, நூலகத்தின் பதிப்பு, இயங்குதளம், 32 பிட்டா 64 பிட்டா என்று எல்லாவற்றையும் கேட்பதற்கு இதுதான் காரணம். சடங்குக்காகக் கேட்கவில்லை.

எழுதுவது

எழுதும் முன் அதே பிரச்சினை ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். பைத்தானுக்கான பதிவுகள் 2022 முதல் கிட்ஹப் என்ற தளத்தில் இருக்கின்றன. வகையின் பெயர், செயல்கூறின் பெயர், எரர் செய்தியின் ஒரு துண்டு ஆகியவற்றைப் போட்டுத் தேடலாம். மூடப்பட்ட பதிவுகளையும் சேர்த்துத் தேடுவது முக்கியம். 'பக் இல்லை' என்று மூடியதன் காரணம் அங்கேதான் இருக்கும்.

பாதுகாப்பு தொடர்பானது என்றால், அதாவது பிஎச்பி எண் போல வெளியாள் ஒருவர் சர்வரை முடக்க வழி தருவது என்றால், பொதுவில் எழுதாதீர்கள். பெரிய மொழித் திட்டங்களில் அதற்கென்று தனி முகவரி வைத்திருப்பார்கள், அதற்கு அனுப்புங்கள்.

சரி, இப்போது ரிப்போர்ட். 'ரவுண்ட் வேலை செய்யவில்லை, அவசரம், யாராவது பாருங்கள்' என்ற தலைப்பில் படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. அந்த ஜாவா பக்கை நான் கண்டிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்:

> தலைப்பு: மிகப் பெரிய அணியில் தேடும்போது நடு இடம் மைனஸ் எண்ணாகிறது
>
> செய்தது: கீழ் எல்லை 1200000000, மேல் எல்லை 1700000000. இரண்டும் இன்ட் வகை. கூட்டி 2-ஆல் வகுத்தேன். ஒரு வரி நிரல் கீழே.
>
> எதிர்பார்த்தது: 1450000000.
>
> கிடைத்தது: -697483648. உண்மையான அணியில் இது எல்லை மீறிய இடம் என்ற எரராக வெளிப்படுகிறது. முழு எரர் செய்தி கீழே.
>
> ஏன் பக் என்று நினைக்கிறேன்: இன்ட் எல்லை தாண்டினால் சுற்றிவரும் என்பது மொழியின் விதி, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இந்த அளவுள்ள அணியை மொழி அனுமதிக்கிறது, அதில் தேட முடியாது என்று தேடும் செயல்கூறின் ஆவணம் எங்கும் சொல்லவில்லை.
>
> பதிப்பு, இயங்குதளம்: இங்கே.

கடைசிக்கு முந்தைய பத்தியைத்தான் புதியவர்கள் விட்டுவிடுகிறார்கள். எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். ஆவணத்தின் எந்த வரி நடப்போடு முரண்படுகிறது என்று காட்டிவிட்டால் விவாதம் பாதி முடிந்த மாதிரி. அப்படிக் காட்ட ஒரு வரிகூட இல்லையென்றால், நீங்கள் கேட்பது ஒரு புதிய வசதியாக இருக்கலாம். அதற்குத் தனி வகைப் பதிவு உண்டு, அதில் எழுதுங்கள்.

நிரலை எழுத்தாக ஒட்டுங்கள், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். படத்திலிருந்து யாரும் நகலெடுத்து ஓட்ட முடியாது, என் கொடி மாதிரியான பிரச்சினை படத்தில் தெரியவே தெரியாது. எரர் செய்தியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒட்டுங்கள். பெரும்பாலான திட்டங்களில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். அதற்காகத் தயங்க வேண்டாம். சின்னச் சின்ன வாக்கியங்கள் போதும். ஓடும் நிரலும் இரண்டு விடைகளும் இருந்தால் இலக்கணப் பிழையை யாரும் பொருட்படுத்துவதில்லை.

அனுப்பிய பிறகு

கேள்விகள் வரும். 'புதிய பதிப்பில் முயன்றீர்களா?', 'டைப் என்ன காட்டுகிறது?' என்பார்கள். உங்களைச் சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை, தங்கள் கணினியில் அதே பிரச்சினையை வரவழைக்கப் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓட்டிப் பார்த்த விடையோடு பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதலாம்.

சில சமயம் 'தப்புதான், ஆனால் மாற்ற மாட்டோம்' என்று பதில் வரும். ஜாவாஸ்கிரிப்ட்டில் நல் என்ற வெறுமை மதிப்பின் வகையைக் கேட்டால் 'ஆப்ஜெக்ட்' என்று சொல்வது அப்படிப்பட்டது. தொடக்க காலத்திலிருந்து வரும் பிழை என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். திருத்தினால் அதை நம்பி ஓடிக்கொண்டிருக்கும் பழைய பக்கங்கள் உடையும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறார்கள். பைத்தான் 2-இல் 1 / 2 என்றால் 0 வந்தது. அதை 0.5 ஆக மாற்ற 2008-இல் பைத்தான் 3 என்ற புதிய பெரும் பதிப்பே வர வேண்டியிருந்தது. இதில் கோபப்பட ஒன்றுமில்லை.

இன்னும் சில சமயம் மொழி சரி, ஆவணம்தான் தெளிவாக இல்லை என்று முடிவாகும். அதுவும் பக் தான். குழம்பிய அனுபவம் சுடச்சுட இருக்கும்போது அந்தக் குறிப்பை எழுத உங்களைவிடப் பொருத்தமானவர் கிடையாது. நீங்களே ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

பக் என்று ஏற்றுக்கொண்டால் யாரோ ஒருவர் திருத்தம் எழுதுவார். அதோடு, இதே தப்பு மறுபடி நுழையாமல் இருக்க ஒரு சோதனையையும் சேர்ப்பார். அந்தச் சோதனை பெரும்பாலும் நீங்கள் சுருக்கி அனுப்பிய அந்த மூன்று வரிதான். அது மொழியின் சோதனைத் தொகுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு யார் எந்த மூலையிலிருந்து ஒரு மாற்றத்தை அனுப்பினாலும், அதைச் சேர்க்கும் முன் உங்கள் மூன்று வரி ஒரு முறை ஓடும்.